புறங்கையில் பட்ட காற்று

அன்று ராகலை கராஜில் நான், நிறைமாதமாயிருந்த என் மனைவி, மெக்கானிக் அண்ணன், மூன்றே பேர்தான். எங்கள் பழைய பிக்கப்பில் கண்ணாடிக்கு அடிக்கும் காற்று வராமல் முன்கண்ணாடியில் ஆவி படிந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையே தெரியவில்லை.

"நேரா வயர் குடுத்துடுங்கண்ணே" என்றேன்.

"பத்திக்கிட்டா என்னா செய்வீங்க? காத்தடிக்கிற வேகத்த கட்டுப்படுத்துற ப்ளோவர் ரெசிஸ்டர் கருகிப்போச்சு. அத மாத்தணும்."

பௌர்ணமி விடுமுறையான போயா நாள், வாகனச் சாமான் கடை பூட்டு. தன் வேனிலிருந்ததையே கழற்றி மாட்டினார். காய்ச்சல் பார்ப்பதுபோல் காற்றில் புறங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடி தெளிந்தது.

"ஒங்க வேனுக்கு?"

"தலைய வெளிய நீட்டி ஓட்டுவேன். கெளம்புங்க! மூவாயிரத்தைந்நூற புள்ளையோட வந்து குடுங்க."

மகளைத் தூக்கிக்கொண்டு போனபோது கராஜ் பூட்டியிருந்தது. கராஜை விட்டுவிட்டுக் கொழும்புக்கே போய்விட்டாராம். முன்பின் தெரியாத என்னை எதை நம்பி அனுப்பினாரோ, இன்னும் விளங்கவில்லை. மூவாயிரத்தைந்நூறு ரூபாய் பாக்கி.