ஆடு முகம் திருப்பிய செடிகள்

செகந்திராபாத்தை அடுத்த மௌலா அலிக்குப் பக்கத்தில் ரயில் பாதைக்கு ஜல்லி எடுத்த கல் குவாரி ஒன்று 1935-இல் மூடப்பட்டது. கல் போனது, கழிவு மண் மேடு மிஞ்சியது. கோடையில் அதன் புழுதி ரயில்வே குடியிருப்பின் சோற்றுத் தட்டுகளில் விழுந்தது. மழையில் சேறாகித் தண்டவாளத்தில் சரிந்தது.

அந்தக் குடியிருப்பில் இருந்தாள் அம்மணி. தாராபுரத்துப் பக்கத்திலிருந்து, பட்டறை ஃபிட்டர் சின்னசாமிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் வாய் சும்மா இருக்காது. கண் அதைவிடச் சும்மா இருக்காது.

மேட்டைப் பச்சையாக்கும் பொறுப்பு ஓவர்சியர் தியோடருக்கு வந்தது. செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த மனிதர். கப்பலில் வந்த புல் விதையை முதல் மழையில் தூவினார். எட்டாம் நாள் மேடு பச்சைப்பசேலென்று இருந்தது. பத்தாம் நாள் ஆடுகள் வந்தன. மீந்ததை வெயில் முடித்தது. வேலியோரம் நின்ற அம்மணி வாய்விட்டுச் சிரித்தாள்.

“கைக்கும்மா சிரிக்கிறீங்க?” என்று, ‘ஏன்’ என்பதற்கு அந்த ஊர் உருதுச் சொல்லைப் போட்டுக் கேட்டார் தியோடர்.

“ஆட்டுக்கு வாழையிலை போட்டு விருந்து வெச்சீங்களே, அதுக்குத்தானுங்.”

“அப்போ நீங்களே செஞ்சு காட்டுங்க!”

அவர் கோபத்தில் சொன்னார். அம்மணி அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரியின் வெள்ளாட்டை இரவல் வாங்கி, சுற்றுவட்டாரத்தில் கைவிட்டுக் கிடந்த பழைய குழிகளுக்கெல்லாம் நடந்தாள். யாரும் விதைக்காமல், தண்ணீர் ஊற்றாமல், கல் மண்ணில் எது தானாக நிற்கிறது என்று பார்த்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து ஒடித்து ஆட்டின் வாயருகே நீட்டினாள். தின்றால் அந்தச் செடி தள்ளுபடி. முகத்தைத் திருப்பினால் தேர்வு. ஆவாரையும் எருக்கும் உடனே தேறின. கொழிஞ்சியை ஆடு ஒரு கடி கடித்துவிட்டுத் தும்மியது. அரைத் தேர்ச்சி என்று அதையும் சேர்த்துக்கொண்டாள்.

கோடை முடிவதற்குள் வீட்டில் டப்பாவெல்லாம் விதையானது. ஆவாரை விதையின் தோல் கெட்டி என்பதால் வெந்நீரில் ஊறவைத்தாள். கொழிஞ்சியை மணலோடு சேர்த்துத் தேய்த்தாள். சீக்கிரம் முளைத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளக் கொள்ளுப் பயறையும் கலந்தாள். ஆரோக்கியமேரி ஒரு படி கொள்ளு கடன் கேட்க, இது தெரியாமல் சின்னசாமி அந்தக் கலவையையே அளந்து கொடுத்துவிட்டார்.

மறுநாள் ஆரோக்கியமேரி சட்டியோடு வந்தாள். “இனிமே உங்க வீட்டுக் கொள்ளு எனக்கு நக்கோ, வேண்டவே வேண்டாம் அம்மணி! ரசமா இது? என் வீட்டுக்காரர் மூணு தரம் வாய் கொப்பளிச்சார்!”

“ஆடே வேண்டாம்னதை அவருக்குப் போட்டீங்களா!” என்று அம்மணி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜூன் மழையில் விதைத்தாள். ஆடுகள் வந்து, கொள்ளோடு கலந்து நின்ற கொழிஞ்சியை மோந்து பார்த்துவிட்டுப் போயின. ஆனால் கொள்ளு காய்த்ததும் குடியிருப்பே முறத்தோடு மேட்டில் ஏறிவிட்டது. மிதிபட்டு உச்சிப்பகுதி மொத்தமும் சரிந்தது. இரண்டு நாள் அம்மணி அடுப்பே மூட்டாமல் சரிந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். சின்னசாமி பயந்துபோய்த் தானே சமைத்தார். அடுத்த வருடம் கொள்ளு விதைப்பை அடிவாரத்தோடு நிறுத்தி, உச்சிக்கு வெறும் ஆவாரையும் கொழிஞ்சியும் போட்டாள். அது நின்றது.

பார்வையிட வந்த துரை, மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்த மேட்டைக் கண்டு, “இது என்ன விதைக் கலவை?” என்றார். நல்ல பெயரைத் தானே வாங்கிக்கொள்ள தியோடருக்கு வாய்ப்பிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “அம்மணி மிக்ஸ்சர், சார். அதோ நிற்கிறார்களே, அவர்கள்தான் அம்மணி” என்றார்.

கோப்பில் அந்தப் பெயரே ஏறியது. சில மாதங்களில், தொலைவில் இருந்த ஒரு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து ‘அம்மணி மிக்ஸ்சர் நான்கு மூட்டை’ கேட்டுக் கடிதம் வந்தது. தியோடர் படித்துக் காட்டினார்.

“முடியாதுங்” என்றாள் அம்மணி. “இது இந்த மண்ணுக்குப் பார்த்ததுங். அங்கே தானா என்ன முளைக்குதுன்னு நான் போய்ப் பார்க்கோணும். அந்த ஊர் ஆட்டையும் பார்க்கோணும்.”

துரை ரயில் பாஸ் கொடுத்தார். அடுத்த மாதம் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் சின்னசாமி இரண்டு காலிச் சாக்குகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மணி ஜன்னலுக்கு வெளியே எட்டி, தண்டவாளக் கரையில் வளர்ந்த செடிகளின் பெயரை ஒவ்வொன்றாக அவரிடம் சொல்லிக்கொண்டே போனாள்.