நூறு கிராம் காப்பித்தூளும் ஒரு பெஞ்சும்

அம்மா வாரம் நூறு கிராம்தான் காப்பித்தூள் வாங்குவாள். அதற்காக சால்ட் லேக்கிலிருந்து ஒரு பஸ், ஒரு மெட்ரோ, கொஞ்சம் நடை என்று லேக் மார்க்கெட் காப்பிக்கடை வரைக்கும் போய்வருவாள். திரும்பி வரும்போது பையில் நூறு கிராம் தூள், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, எப்போதாவது அப்பளம். சனிக்கிழமை முற்பகல் முழுக்க இதற்கே போய்விடும்.

அப்பாவுக்கு மத்திய அரசு வேலை. மாற்றலாகி வந்து ஆறு வருடம் ஆகிறது. அரசுக் குடியிருப்பில் எங்களைச் சுற்றி எல்லாரும் வங்காளிகள். நான் ஜாதவ்பூரில் படித்து, வங்காள மொழியில் சண்டை போடும் அளவுக்குத் தேறி, இப்போது செக்டர் ஃபைவில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு வங்காளத்தில் விலை கேட்கத் தெரியும், மீன் வேண்டாம் என்று சொல்லத் தெரியும். அவ்வளவுதான்.

அந்தக் காப்பிக்கடை இப்போது செயலியில் ஏறிவிட்டது என்று தெரிந்ததும் எனக்குக் கை பரபரத்தது. ஒரு வியாழக்கிழமை, ஆபீசில் மீட்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேஜைக்கு அடியில் போனை வைத்துத் தட்டினேன். ஒரு கிலோ தூள், இட்லி அரிசி, அப்பளம், இரண்டு கட்டு கறிவேப்பிலை. சாயங்காலத்துக்குள் எல்லாம் வீட்டு வாசலில் வந்து இறங்கிவிட்டது.

"இனிமே நீ அலைய வேண்டாம்மா" என்றேன், ஏதோ பாலம் கட்டித் திறந்துவைத்தவள் மாதிரி.

அம்மா பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தாள். "நல்லாத்தாம்ட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வழக்கம்போலத் தலை வாரிக்கொண்டாள். பிறகு ஃபிரிட்ஜைத் துடைத்தாள். அதையே திரும்பவும் துடைத்தாள். பதினொரு மணிக்குப் போன் அடித்தது. கும்பகோணத்து மாமி, அம்மாவின் காப்பிக்கடைத் தோழி. ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது.

"ஏண்டிம்மா, உடம்பு சரியில்லையா? நானும் கோயமுத்தூர்க்காரியும் ஒன்னோட எடத்துல பையை வச்சுண்டு ஒக்காந்துண்டிருக்கோம்."

"உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல மாமி. வாங்கறதுக்கு ஒண்ணுமில்ல."

அப்போதுதான் எனக்கு அந்த பெஞ்சு ஞாபகம் வந்தது. கடைக்கு வெளியே, வறுத்த கொட்டையை அரைக்கும் வரை காத்திருப்பவர்களுக்காகப் போட்ட மர பெஞ்சு. அரைக்க ஐந்து நிமிடம். இவர்கள் மூன்று பேரும் அதில் இரண்டு மணி நேரம் உட்காருவார்கள். மருமகள், முழங்கால் வலி, அடுத்த மாற்றல் எந்த ஊருக்கோ என்கிற கவலை, எல்லாமே தமிழில். வாரத்தில் அம்மா வீட்டுக்கு வெளியே வாய் நிறையத் தமிழ் பேசுவது அந்த இரண்டு மணி நேரம்தான். ஜாதவ்பூரில் படிக்கும்போது நகரத்தின் பொது இடங்களைப் பற்றி நான் நீளமாக ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். பூங்கா, நடைபாதை, ஏரிக்கரை என்று பக்கங்கள் போயின. காப்பிக்கடை பெஞ்சு அதில் இல்லை.

"சும்மா போயிட்டு வாயேம்மா" என்றேன்.

"சும்மா போயி எப்படிட்டி உக்கார முடியும்? அது கடைக்காரர் பெஞ்சுல்லா? ஏதாச்சும் வாங்கினாத்தான் மரியாத."

சரி, பெஞ்சுதானே பிரச்சினை, நாற்காலிக்கா இந்த ஊரில் பஞ்சம்? அடுத்த சனிக்கிழமை மூவரையும் எங்கள் வீட்டுப் பக்கத்து மாலுக்கு அழைத்துப் போனேன். வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள். கோயமுத்தூர் அக்கா கொண்டுவந்த முறுக்கு டப்பா காவலாளியின் மேஜையிலேயே தங்கிவிட்டது.

"ஏங் கண்ணு, முறுக்குல என்ன வெடியா வெச்சிருக்கறோம்?" என்று அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மேல்மாடியில் காகிதக் கோப்பைகளில் காப்பி வாங்கிக் கொடுத்தேன். குளுகுளு காற்று, பளபளக்கும் நாற்காலி. ஆனால் பாட்டுச் சத்தத்தில் மாமி சொன்னது அம்மாவுக்குக் கேட்கவில்லை, அம்மா சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தால் போதும், சீருடைக்காரர் ஒருவர் வந்து, "முடிஞ்சுதா?" என்று இந்தியில் கேட்டார். மூன்றாவது முறை கேட்டதும் மாமி கோப்பையை மடியில் ஒளித்துவைத்துக்கொண்டார்.

"காப்பி ஆறின நாழிக்கு நாமளும் எழுந்துக்கணும் போலருக்கே."

அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். முறுக்கைப் பஸ் ஸ்டாப்பில் நின்றபடி தின்றோம். பேச்சு அங்கேதான் களைகட்டியது. அதற்குள் பஸ் வந்து தொலைத்தது.

அந்த வாரம் ஒருநாள் ஆபீஸ் விட்டதும் நான் மட்டும் லேக் மார்க்கெட் போனேன். நாலு டெலிவரி இளைஞர்கள் பொட்டலங்களுக்காகக் காத்துக்கொண்டு, போனைப் பார்த்தபடி பெஞ்சை நிறைத்திருந்தார்கள். கடைக்காரர் தமிழர்தான், ஆனால் இங்கேயே பிறந்தவர், தமிழ் கொஞ்சம் தடுக்கும்.

"பெஞ்சு எடுத்துடுவேன். பார்சல் வைக்க ரேக் போடணும். உக்கார இப்ப யாரு வரா? உங்க அம்மாவே ஆப்புலதானே வாங்கறாங்க."

அதை வாங்கியது அம்மா இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அவள் சமையலறைக்குப் போய்க் காப்பித்தூள் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். மேல்வீட்டு வங்காளி அம்மா சாயாதான் குடிப்பார். கீழ்வீட்டில் காப்பி என்றாலே முகம் சுளிப்பார்கள். இரண்டு வீட்டுக்கும் ஆளுக்குப் பாதியாகக் கொடுத்து, வெறும் டப்பாவோடு திரும்பி வந்தாள்.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். மாமியும் அக்காவும் கடையோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். பெஞ்சு அப்போதும் டெலிவரிக்காரர்களிடம்தான் இருந்தது.

"நூறு கிராம்" என்றாள் அம்மா.

கடைக்காரர் கண்ணை விரித்தார். "பௌதி, ஒரு கிலோ இப்பதானே அனுப்பினேன்?" என்றார், வங்காளிகள் அண்ணியை அழைப்பது போல.

"தீந்து போச்சு."

"ரெண்டு வாரத்துலயா?"

"வீட்டுல காப்பி ஜாஸ்தி" என்றாள், கண்ணிமைக்காமல். "பெஞ்ச எடுக்கப் போறீங்களாமே? அப்ப அரைக்கற வரைக்கும் நாங்க எங்க நிக்க?"

அவர் தலையைச் சொறிந்தார். மாமி தனக்கும் நூறு கிராம் என்றார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கு நூத்தம்பதுங்" என்றார். அரைக்கும் இயந்திரம் உறும ஆரம்பித்தது. பெஞ்சில் இருந்த இளைஞர்களில் ஒருவன் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "போஷுன் காகிமா" என்று சித்தியை உட்காரச் சொல்வதுபோல் நகர்ந்தான். இரண்டு பேர் எழுந்து நின்றுகொண்டார்கள், மற்றவன் நெருக்கிக்கொண்டான்.

"ரேக்க உள்ள போட எடம் இருக்கா பாக்கறேன்" என்று கடைக்காரர் இயந்திரத்தைப் பார்த்துச் சொன்னார்.

மூவரும் உட்கார்ந்ததும் மருமகள் கதை போன மாதம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. ஓரத்தில் ஒரு சாண் இடம் மிச்சமிருந்தது. நானும் போய் ஒண்டிக்கொண்டேன்.

அம்மா முழங்கையால் இடித்தாள். "ஏட்டி, நீயும் ஏதாச்சும் வாங்கிட்டு வந்து உக்காரு."

எழுந்து போய்க் கடைக்காரரிடம் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்கி வந்தேன்.