மூன்று முறை செத்த பூட்டுக்காரர்

படப்பிடிப்பில் சிறைக் கதவின் சாவி தொலைந்துபோனதால்தான் பூட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். போர்க்காலக் காதல் படம். உள்ளே மாட்டிக்கொண்ட கதாநாயகனை அவர் வெளியே விட்டதும், இயக்குநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அண்ணே, கொஞ்சம் செத்துக் குடுக்கறீங்களா? ஆள் பத்தல."

காலையில் நம் படைவீரனாகக் குண்டடிபட்டு விழுந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு உடுப்பை மாற்றிக்கொண்டு எதிரிப் படையில் செத்தார். மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிணமாகக் கிடந்தார். நர்ஸாக வரும் கதாநாயகி, காதலன் என்று நினைத்து அவர்மேல் விழுந்து அழுதாள்.

படம் வெளியானதும் மனைவியோடும் மச்சானோடும் போனார். இடைவேளையிலேயே மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த ஹீரோவுக்கு மீசையே இல்ல. உங்களுக்கு இவ்ளோ பெரிய மீசை. அவ கண்ண எங்க வெச்சிருந்தா?"

"அழுற கண்ணுக்கு மீசை தெரியுமா?"

"சரி, ரெண்டு படையிலயும் செத்தீங்களே, அது?"

மச்சானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. பூட்டுக்காரரின் முகம் சுண்டிப்போயிற்று. தான் கைவைத்த வேலை பாதியில் நிற்பதை அவரால் தாங்க முடியாது. வீடு வரும் வழியெல்லாம் யோசித்தார். மறுநாள் கடைக்கு முதலில் வந்தவரிடமே சொல்லிவிட்டார்.

"அவங்க மூணு பேரும் அண்ணன் தம்பிங்க. ஒரே பிரசவம். பெரியவன் இந்தப் பக்கம், நடுவுலவன் அந்தப் பக்கம். சின்னவன் சண்டைக்கே போகல. துக்கத்துலயே போயிட்டான். படத்துல சொல்ல மாட்டாங்க, நாமதான் புரிஞ்சுக்கணும்."

பேச்சு பரவிற்று. ஊர் மறுபடி படத்துக்குப் போனது. காதலர்கள் வரும்போது வெளியே போய் டீ குடித்துவிட்டு, பிணம் வரும் நேரத்துக்கு உள்ளே ஓடிவந்தது. கதாநாயகி கட்டிலில் விழுந்து அழுதபோது, "இந்தப் புள்ளைக்காவது அழ ஒருத்தி இருந்தாளே" என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஈயடித்துக்கொண்டிருந்த தியேட்டர் நிரம்பி வழிந்தது.

கடைசியில் இயக்குநரே கடைக்கு வந்தார். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வியாகக் கேட்டு அவரைத் துளைக்கிறார்களாம்.

"அண்ணே, அந்த மூணு பேரோட அம்மா என்ன ஆனாங்க?"

பூட்டுக்காரரின் கையிலிருந்த அரம் நின்றுவிட்டது. அதை அவர் யோசிக்கவே இல்லை. இரண்டு பக்கமிருந்தும் சேதி வர, வாசலில் நிற்கும் ஒருத்தியை இப்போதுதான் நினைத்துப் பார்த்தார்.

சாப்பாடு கொண்டுவந்த மனைவிதான் காப்பாற்றினாள். "அவங்க சண்டைக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாங்க தம்பி. ஒண்ணும் தெரியாது அவங்களுக்கு."

இயக்குநர் நிம்மதியாகக் கிளம்பினார். பூட்டுக்காரர் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எப்படிப் போனாங்க?"

"தூக்கத்துல," என்றாள் மனைவி. "சாப்பிடுங்க."