அப்பப்பாவின் பெயரில் ஒரு மலை

வெஸ்ட்மீட்டில் நான் வேலை செய்யும் வார்டுக்குப் புதிதாக வருகிற நோயாளிகள் முதலில் என் கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தை, பிறகு மறுபடியும் அட்டையை. அதில் என் குடும்பப் பெயர் வில்சன் என்று இருக்கிறது. கல்யாணத்தில் வந்த பெயரா என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை, என் அப்பப்பாவின் பெயர் என்று சொல்வேன். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிடுவது எனக்கே தெரியும்.

அப்பப்பா மன்னாரில் கடல் தொழில் செய்தவர். ஞானஸ்நானத்தின்போது பங்குச் சாமியார் அவருக்கு வில்சன் என்று பெயர் வைத்தார். ஏன் வைத்தார் என்பது சாமியாருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். எங்கள் ஆட்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்வதோடு சரி, அதுவும் அடுத்த தலைமுறையில் மாறிவிடும். அப்பாவும் சித்தப்பாவும் அவுஸ்திரேலியாவுக்கு வந்தபோது, படிவத்தில் குடும்பப் பெயர் கேட்ட கட்டத்துக்குள் வழக்கம்போலத் தகப்பன் பெயரை எழுதினார்கள். கட்டத்துக்குள் போன பெயர் பிறகு அசையவில்லை. அம்மா வில்சன் ஆனார். நான் பிளாக்டவுனில் பிறந்து கண் திறப்பதற்கு முன்பே வில்சன். சித்தப்பாவின் குழாய் வேலை வான் வண்டியில் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு வில்சன்.

நான்காம் வகுப்பில் ஒரு வேலை தந்தார்கள். அவரவர் குடும்பப் பெயர் வரைபடத்தில் எங்கெங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு வர வேண்டும். எனக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு ஆறு அசை கொண்ட அழகான யாழ்ப்பாணத்துப் பெயர். அது பள்ளிக்கூடப் பெயர் இடாப்பிலேயே பாதியில் வெட்டுப்பட்டிருந்தது, வரைபடத்தில் எங்கே கிடைக்கும்? எனக்கோ இரண்டு தாள் போதவில்லை. சிட்னியில் வில்சன் தெருக்களை எண்ணி மாளவில்லை. பூங்கா இருந்தது, மண்டபம் இருந்தது, எங்கோ ஒரு கல்லூரியில் கட்டடம் இருந்தது. மெல்பேர்னுக்குத் தெற்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற பெருநிலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் நட்சத்திரம் பார்க்கிற மலை ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய தூரத்தில், நீலமலைப் பக்கம், வில்சன் மலை.

வில் என்பவரின் மகன் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள் என்று வகுப்பு ஆசிரியை விளக்கினார். ஒரு காலத்தில் வெள்ளைக்காரச் சனமும் தகப்பன் பெயரைத்தான் சேர்த்துக்கொண்டார்களாம். பிறகு அப்படியே நிலைத்து, கப்பல் ஏறி, போன இடமெல்லாம் ஒட்டிக்கொண்டதாம். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப அவங்களும் எங்களைப் போலத்தான் போம் நிரப்பியிருக்கிறாங்கள்” என்றார்.

அந்த வருடம்தான் அப்பப்பா மூன்று மாத விசாவில் வந்தார். சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மெலிந்த, கட்டையான மனிதர். சாரத்துக்கு மேல் சித்தப்பா வாங்கிக் கொடுத்த தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு குசினிக் கதிரையில் உட்கார்ந்திருப்பார். பிளாக்டவுன் மீன்கடைக்குப் போனால் ஒவ்வொரு மீனின் கண்ணையும் பார்த்துவிட்டு, எல்லாம் எப்போதோ செத்தது என்று வெறுங்கையோடு வந்துவிடுவார். அவருக்குப் பொழுது போகவில்லை. நான் வரைபடத்தைக் கொண்டுபோய் அவர் மடியில் விரித்தேன்.

“அப்பப்பா, இது உங்கட பேர். இதுவும் உங்கட பேர். இந்த மலையும்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் விரல் போன இடமெல்லாம் பார்த்தார்.

“ஆர் வைச்சது?”

“கவர்மெண்ட்.”

“என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லையே” என்றார்.

சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு, சூசை என்று ஒரு மலை இருக்கிறதா பார் என்றார். சூசை அவரோடு ஒரே வள்ளத்தில் போனவர். தேடிப் பார்த்து இல்லை என்றேன். “இருக்காது. அவன் பஞ்சி பிடிச்சவன், இருந்த இடத்தை விட்டு அசையமாட்டான்” என்று திருப்தியோடு கண்ணாடியைக் கழற்றினார். அன்றைக்கே மன்னாருக்குப் போன் எடுத்து, தன் பெயரில் இங்கே ஒரு மலை இருக்கிற விஷயத்தைச் சூசைக்கு அறிவித்தார். அந்தப் பக்கத்தில் சூசை என்ன சொன்னாரோ, இவர் “நம்பாட்டி விடு, போட்டோ அனுப்பிறன்” என்று போனை வைத்தார். ஆகவே மலைக்குப் போவது கட்டாயமாகிவிட்டது.

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் போனோம். சித்தப்பா ஓட்டினார். அப்பப்பா முன் இருக்கையில், கால்சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கோயிலுக்குப் போகிறவரைப் போல. மன்னார் தட்டை நிலம். மலை என்றால் அவருக்குப் படத்தில் பார்த்ததுதான். பாதை மேலே ஏறத் தொடங்கியதும் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், ஆனால் முகத்தை மட்டும் மாற்றவில்லை. பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தோம். பலகையின் மேல் ஒரு கையை வைத்து, பிடித்த சுறாவோடு நிற்பவரைப் போல நின்றார். இந்த வில்சன் யார் என்று கேட்டார். யாரோ பழைய காலத்துப் பெரிய மனிதர் என்று அப்பா சொன்னார்.

“அவர் இதில ஏறினவரோ?”

“தெரியாதப்பா.”

“நான் வந்திட்டன்” என்றார் அப்பப்பா.

மரங்களெல்லாம் சிவந்து நின்றன. புல்வெளியில் பாய் விரித்துச் சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிகிற நேரத்தில் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் எழும்பி வந்தது. கை கழுவின அப்பப்பா, “உதில போட்டு வாறன்” என்று குடைபோல இலை விரித்த பெரிய பெரணி மரங்கள் நின்ற பக்கம் நடந்தார். ஆம்பிளை ஒதுங்கப் போகிறார் என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டி கழுவி, பாய் மடித்து, சாமானைக் காரில் ஏற்றின பிறகுதான் அவர் இன்னும் வரவில்லை என்று அம்மா சொன்னார். அதற்குள் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம்.

அப்பாவும் சித்தப்பாவும் “அப்பா, அப்பா” என்று கத்திக்கொண்டு போனார்கள். அரை மணித்தியாலம் கழித்து நனைந்துபோய்த் தனியாகத் திரும்பி வந்தார்கள். போனில் சிக்னல் இல்லை. நல்ல காலம், ஊரில் இருந்த சிறிய தீயணைப்புக் கொட்டகையில் தொண்டர்கள் சிலர் வண்டியைக் கழுவிக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் மஞ்சள் மேலங்கி, தொப்பி, சப்பாத்து. அவர்களில் தலைவியாக இருந்த நரைத்த தலைப் பெண் ஒரு புத்தகத்தை எடுத்துக் காணாமல் போனவரின் பெயர் என்ன என்று கேட்டார்.

“வில்சன்” என்றார் அப்பா.

“ஓம், இது வில்சன் மலைதான். நான் கேட்டது அவருடைய பெயர்.”

“வில்சன்.”

அந்தப் பெண் பேனையை இறக்கினார். “சரி, முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.”

“வில்சன்” என்றார் அப்பா.

அதிர்ச்சியில் மனிதருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் அப்பாவின் தோளைப் பிடித்து உட்காரச் சொன்னார். நான் முன்னுக்குப் போய், நாங்கள் எல்லாருமே வில்சன்தான், காணாமல் போனவர்தான் முதல் வில்சன் என்று பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் விளக்கினேன். அந்த இக்கட்டிலும் அதைச் சொல்ல எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெண் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

ஆறேழு பேர் வண்டியோடு புல்வெளிக்கு வந்து, வரிசையாகப் பிரிந்து காட்டுக்குள் இறங்கினார்கள். அம்மாவையும் என்னையும் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். பிறகு அந்தப் பெயர் கேட்கத் தொடங்கியது. ஒரு பக்கத்திலிருந்து வில்சன் என்று ஒரு ஆண் குரல், கொஞ்சம் விட்டு இன்னொரு பக்கத்திலிருந்து பெண் குரல், பிறகு விசில், மறுபடி வில்சன். எங்கள் வீட்டில் அப்பப்பாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அப்பாவுக்கு அவர் அப்பா, அம்மாவுக்கு மாமா. செபமாலையை உருட்டிக்கொண்டிருந்த அம்மா நடுவில் நிறுத்தி, “மாமாவை இப்பிடிப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்களே” என்று மெல்லச் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. குளிரில் என் பல் கிட்டியது. வில்சன், வில்சன் என்று அந்த மலை முழுக்கக் கேட்டது. பதில் மட்டும் இல்லை.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். தேடப் போனவர்கள் டோர்ச் எடுப்பதற்காகத் திரும்பி வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். அப்போது பனிமூட்டம் கொஞ்சம் விலக, எதிரே இருந்த பெரணிகள் அசைந்தன. விழுந்து கிடந்த பெரிய மரம் ஒன்றின் பின்னாலிருந்து அப்பப்பா எழும்பி வந்தார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஐம்பது அடிகூட இருக்காது. முழங்கால் வரை சேறு. ஜாக்கெட்டின் சிப்பை மேலே இழுத்துவிட்டு, தலைமயிரை ஒதுக்கிவிட்டு, எங்களைக் கடந்து நேராக அந்தத் தலைவியிடம் போனார். வலது கையை நீட்டினார்.

“ஐ ஆம் வில்சன்” என்றார்.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரேயொரு ஆங்கில வசனம் அதுதான். அந்தப் பெண் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வந்து அவருக்குக் கை கொடுத்தார்கள். கொட்டகைக்குள் கூட்டிப்போய்ப் போர்வை போர்த்தித் தேத்தண்ணி தந்தார்கள். சொந்த மலையில் தொலைந்துபோன முதல் வில்சன் இவர்தான் என்று ஒருவர் சொல்ல, அதை நான் தமிழில் சொல்ல, அப்பப்பா தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டார்.

வரும் வழியில் சித்தப்பா பொறுக்கமுடியாமல் கேட்டார். “உவ்வளவு கிட்ட இருந்துகொண்டு ஏனப்பா சத்தம் குடுக்கேல்லை? கத்திக் கத்தி எங்களுக்குத் தொண்டை கட்டிப்போட்டுது.”

“வழி மாறிப் போனன். பிறகு பனி விலகட்டும் எண்டு இருந்தன். அப்பதான் கூப்பிடத் தொடங்கினாங்கள்” என்றார் அப்பப்பா. “இவ்வளவு சனம் என்ர பேரைக் கூப்பிட்டு நான் எப்பவடா கேட்டனான்? கொஞ்ச நேரம் கேப்பம் எண்டு இருந்தனான்.”

சித்தப்பா ஸ்டியரிங்கில் அடித்துச் சிரித்தார். அம்மாவும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை, கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மீன்குழம்பு ஒத்துக்கொள்ளவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் சொன்னேன். அதற்குப் பிறகு எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அப்பப்பா ஊருக்குப் போய் இரண்டு வருடத்தில் காலமான பிறகும் அது எங்கள் வீட்டு வேடிக்கைக் கதையாகவே இருந்தது. போன வருடம் ஒரு பிறந்தநாள் விழாவில் அதை நான் நடித்துக் காட்ட, எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அப்பாவும் நானும் மட்டும். பரமட்டா தாண்டும்போது அப்பா, “அண்டைக்கு அப்பப்பா எங்களைச் சிரிக்க வைக்கிறதுக்காகச் சொன்னவர் பிள்ளை” என்றார்.

அப்பாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார் என்பதும் அவர் சண்டைக் காலத்தில் காணாமல் போனார் என்பதும் எனக்குத் தெரியும். எப்படி என்பது தெரியாது. அன்று காரில்தான் அப்பா சொன்னார். ஒரு நாள் காலையில் சீருடை போட்ட சிலர் படலையடியில் வந்து நின்று வில்சன், வில்சன் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மரியாதையாகத்தான் கூப்பிட்டார்களாம். அப்பப்பா போய்ப் படலையைத் திறந்து, நான்தான் என்றிருக்கிறார். மூத்த மகனோடு கொஞ்சம் பேச வேண்டும் என்றார்கள். அப்பப்பாவே உள்ளே வந்து பெரியப்பாவை எழுப்பி, சட்டையைப் போட்டுக்கொண்டு வா என்று கூட்டிக்கொண்டு போய் அவர்களிடம் விட்டார். அதற்குப் பிறகு வெளியிலிருந்து யார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவர் குரல் கொடுத்ததில்லை. அயலுக்குத் தெரியும். சூசைகூடக் கூப்பிடாமல் பின்பக்கத்தால்தான் வருவாராம்.

“பிறகு ஏனப்பா அண்டைக்கு எழும்பி வந்தவர்?” என்று கேட்டேன்.

“அதுதான் எனக்கும் தெரியேல்லை” என்றார் அப்பா. “கேக்கவும் இல்லை.”

எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரணிகளுக்குள்ளிருந்து அவர் நிமிர்ந்து வந்ததையும், சீருடை போட்டவர்கள் நடுவில் தனியே நின்று கையை நீட்டித் தன் பெயரைச் சொன்னதையும் எல்லாரையும்விட நன்றாகப் பார்த்தவள் நான். மலைக்குச் சொந்தக்காரர் வந்தவர்களை வரவேற்கிறார் என்று நினைத்து, வண்டியின் படியில் ஏறி நின்று கைதட்டினேன்.