சர்க்கரை இல்லாத பிளாஸ்க்

ஆரணியில் தறி வீடுகளுக்கு டீ ஊற்றுவது என் தொழில். யாருக்கு எவ்வளவு இனிப்பு என்பதுதான் அதில் படிப்பு. உங்கள் வீட்டு ரத்தப் பரிசோதனையிலும் ‘ட்ரைகிளிசரைடு அதிகம்’ என்று வந்திருந்தால், நீங்களும் நம்ம கூட்டம்தான்.

எங்கிருந்து வந்தது

எங்க வீட்டுக்காரர் பட்டு நெய்கிறவர். ரத்தத்தில் இந்தக் கொழுப்பு அதிகம் என்றதும் கறியையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் விட்டார். அடுத்த பரிசோதனையில் இன்னும் ஏறியிருந்தது. இப்படியே போனால் இதயத்துக்கு ஆபத்து என்றார் டாக்டரம்மா.

குடிப்பாரா என்று கேட்டார். தொடமாட்டார் என்றேன். டீயை இருவருமே சொல்லவில்லை. எங்கள் பக்கம் நெய்த துணியைத் தறி மரத்தில் சுருட்டும்போதெல்லாம் ஒரு டீ. அதை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. துருவித் துருவிக் கேட்டு அதை வரவழைத்த டாக்டரம்மா, மிஞ்சுகிற சர்க்கரையும் சோறும்தான் உடம்புக்குள் கொழுப்பாகிறது என்றார். வெளியே வந்ததும் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்: “அப்ப இவ்ளோ நாளா நீதான் ஊத்திகினு இருந்தியா?”

இரண்டு பிளாஸ்க்

மறுநாளிலிருந்து அவருக்குத் தனி பிளாஸ்க். காலையில் தறிச் சத்தத்துக்குள் நடப்பது எனக்குத் தூக்கத்தில் நடப்பது மாதிரி. சந்துக்குச் சந்து சாயம் ஏறிய பட்டு நூல் காயும். டீ ஆவியில் எல்லா நிறமும் கரையும். பக்கத்துத் தறி முருகன் அண்ணன், சர்க்கரை இல்லாததை ஒரு வாய் குடித்துப் பார்த்தார். “தங்கச்சி, இது டீயா, நூலுக்குப் போடுற கஞ்சியா?”

வெறும் பை

தினமும் நடக்கவும் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. எங்கள் தெருவில் வேலையில்லாமல் யாரும் நடப்பதில்லை. எதிரே வருகிறவர்கள் எல்லாம் எங்கே என்று கேட்பார்கள். அவருக்கு வெட்கம், எனக்கு அதைவிட. அதனால் எங்கள் மகள் பாப்பாவைத் தோளில் உட்காரவைத்து, வெறும் கடைப்பையை மாட்டிக்கொண்டு சாயங்காலம் ஆற்றுப் பக்கம் போவார். மணலில் வெயில் மஞ்சளாகக் கிடக்கும். பாப்பா அவர் தலைமேல் கன்னம் வைத்துக் கண் சொருகும். பின்னால் நான். ஒருநாள் முருகன் அண்ணன் மனைவி மறித்தார்: “கடையெல்லாம் அந்தாண்ட இருக்குது, பையத் தூக்கிகினு ஆத்துக்கு ஏன் போறீங்க?”

திரும்பும் பஸ்

மாத்திரை, நடை, குறைத்த சோறு. அடுத்த பரிசோதனை முடிவை டாக்டரம்மா படிக்கும்போது நான் பாப்பாவின் கொலுசையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இறங்கியிருக்கிறது, ஆனால் விட்டுவிடக் கூடாது என்றார்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் வயல்கள் நழுவிக்கொண்டே இருந்தன. பாப்பா அவர் மடியில் தூங்கியது. அவர் மெதுவாகச் சொன்னார்: “இவ பொடவை கட்டுற வரைக்கும் நான் தறியில உக்காரணும்.”

அவரைப் பார்த்துத் தெருவில் நாலு பேர் டீயைக் குறைத்துக்கொண்டதில், கடைசியில் இளைத்தது என் வியாபாரம்தான்.