தோலுக்குப் பின்னால் இறங்கிய சூரியன்

1927 பிப்ரவரி 12, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பல் துலக்கி, லென்ஸைத் துடைத்து, முக்காலியின் திருகுகளை இறுக்கினேன். கோழிக்கோட்டுக் கடற்கரை பங்களாவில் எங்களுக்கு அது கடைசி நாள். இரவு ரயிலில் ஊர் திரும்ப வேண்டும். ஆம்பூரில் நான் கணக்கு எழுதும் தோல் மண்டியின் முதலாளி காற்று மாற்றத்துக்காக வந்திருந்தார். என்னிடம் காமிரா இருந்ததால் என்னையும் அழைத்து வந்திருந்தார்.

நாங்கள் அறிந்தது சென்னைக் கடல். அங்கே சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் இறங்காது. இறங்குவதை, குறுக்கே ஆளில்லாமல், ஒரே ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கொண்டுவந்த, படம் பதியும் கண்ணாடித் தட்டுகளையோ முதலாளியும் அவர் மச்சானும் தீர்த்துவிட்டார்கள். சூரியனை உள்ளங்கையில் ஏந்தியபடி ஒரு படம். லட்டு மாதிரி வாயில் போட்டுக்கொள்வதாக இன்னொன்று. அதற்கு மச்சான் நாக்கை முழுதாக நீட்டிக் காத்திருந்தார். கடைசித் தட்டு ஒன்றை மட்டும் பெட்டியின் அடியில் எனக்கென்று வைத்திருந்தேன்.

மாலையில் கரை காலியாக இருந்தது. மேகமே இல்லை. காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதனிட்ட தோலின் எண்ணெய் நாற்றம் வந்தது. மாதிரிக்கென்று கொண்டுவந்த, மண்டியின் மார்க்கு குத்திய ஆட்டுத்தோலை மச்சான் தோளில் போட்டுக்கொண்டு முதலாளியோடு வந்து நின்றார்.

“இன்னா கணக்கரே, நம்ம மார்க்கு இன்னா?” என்றார் முதலாளி.

“சூரியன் மார்க்குங்க.”

“அசல் சூரியனே எதிர்ல கீது. தோலுக்குப் பின்னால வச்சு ஒரு படம் புடி. கப்பல்ல போற பேல் கட்டு மேல ஒட்டினா லண்டன்காரன் வாயைப் பொளப்பான்.”

“எதிர் வெளிச்சத்துல தோல் கறுப்பாத்தான் விழும். மார்க்கு தெரியாதுங்க.”

“முப்பது வருசமா தோலை வெளிச்சத்துல புடிச்சித்தான் தரம் பாக்குறேன். எனக்குத் தெரியாததா?”

மச்சானும் பங்களா சமையல்காரனும் ஆளுக்கொரு பக்கம் தோலை விரித்துப் பிடித்தார்கள். கடலும் சூரியனும் மறைந்தன. ஓரங்களில் வானம் மட்டும் மிஞ்சியது. இரண்டு நாய்கள் வந்து தோலை முகர்ந்தன.

“சட்டுனு அமுக்கு கணக்கரே. நிக்கிறதுக்குச் சூரியன் உன் மாமனா?” என்றார் மச்சான்.

சம்பளம் தருபவர் பக்கத்திலேயே நின்றார். அழுத்தினேன். அவர்கள் தோலை இறக்கியபோது கடலில் சூரியன் இல்லை. கையில் ஒட்டிய எண்ணெயை மச்சான் என் கறுப்புத் துணியில் துடைத்தார். இனி அதற்குள்தான் நான் தலையை விட வேண்டும்.

மறுநாள் காலை ஆம்பூரில் இறங்கியதும், குளிக்கக்கூடச் செய்யாமல், முதல் வேலையாக இருட்டறையில் அந்தத் தட்டைக் கழுவினேன். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். நெகடிவ் ஆதலால் வானம் கறுத்திருந்தது. நடுவே நான்கு கால் விரித்த ஆடு ஒன்று வெறும் கண்ணாடியாகத் தெரிந்தது. மார்க்கு எங்கும் இல்லை. வயிற்றுப் பக்கத்தில், உரித்தவன் கத்தி பட்டு விழுந்த ஓட்டை. அதற்குள் கடுகளவு கறுப்பாக என் சூரியன்.