அம்சவல்லி கடல் பார்க்கப் போன வியாழக்கிழமை

நீடாமங்கலம் நூலகத்தில் எடுத்த ஒரு பிரெஞ்சு நாவலின் தமிழாக்கத்தை அம்சவல்லி ஒரே மூச்சில் படித்துவிட்டு, நூலகர் ஜெக்கரியாவிடம் சண்டைக்குப் போனாள். அந்தக் கதையில், புருஷனிடம் சலித்துப்போன ஒருத்தி ஆசைப்பட்டதற்காக ஊரே அவளைக் கரித்துக்கொட்டி, கடைசியில் அவள் செத்தும் போகிறாள்.

“இதுக்குப் போய் சாவாளா? ஒரு நா எங்கயாச்சும் போய்ச் சிரிச்சிட்டு வந்திருக்கலாமே!”

“எழுதினவர்கிட்ட சொல்லும்மா. எனக்குப் பல்லு வலி,” என்றார் ஜெக்கரியா.

அது 1972. அறுப்புக் கூலித் தகராறு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் புருஷன் இளையபெருமாள் விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். மேடையேறினால் இரண்டு மணி நேரம் முழங்குவான். வீட்டில் ‘சோறு’, ‘துண்டு’ இரண்டே சொல்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கடல் பார்க்கக் கேட்டாள். “அறுப்பு முடியட்டும்” என்பான். அடுத்த நடவு வந்துவிடும்.

வியாழக்கிழமை விடியலில், யாரிடமும் சொல்லாமல் ரயிலேறினாள். மாயவரத்தில் வண்டி மாறும்போதே கால் தரையில் பாவவில்லை. தரங்கம்பாடியில் முதல் அலை அவளைக் குப்புறத் தள்ளியது. வாயெல்லாம் உப்பு. எழுந்தாள், மறுபடி விழுந்தாள், சத்தம் போட்டுச் சிரித்தாள்.

“யாரோட வந்தீங்க?” என்றாள் மீன்காரி.

“யாரோடயும் இல்ல. நானே என்னைக் கூட்டிட்டு வந்தேன்!”

ஊரிலோ அன்று நூலகமும் பூட்டிக் கிடந்தது. நூலகரையும் காணோம், அம்சவல்லியையும் காணோம் என்றால் ஊர் சும்மா இருக்குமா? மத்தியானத்துக்குள் இருவரையும் பேச்சிலேயே சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். கூலிப் பேச்சுவார்த்தை பாதியில் நின்றது. எதிரே உட்கார்ந்திருந்த மிராசுதாரே, தேடிப் போகத் தன் ஜீப்பைக் கொடுத்தார். அதுவரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசாத சங்கத்து ஆட்கள் ஐந்து பேர் அதில் தொற்றிக்கொண்டார்கள்.

சாயங்காலம் அவள் ரயிலிலிருந்து இறங்கியபோது ஸ்டேஷனில் திருவிழாக் கூட்டம். அதே நேரம் ஸ்டேஷன் வாசலில் மன்னார்குடி பஸ்ஸிலிருந்து இறங்கினார் ஜெக்கரியா. கன்னம் பணியாரமாய் வீங்கியிருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் கைக்குட்டையை விரித்து, பிடுங்கிய இரண்டு பற்களைக் காட்டினார்.

“எங்க போன?” இளையபெருமாளின் குரல் உடைந்திருந்தது.

“கடல் பாக்க.”

“சொல்லியிருந்தா நானே...”

“பதினோரு வருஷமா சொன்னேங்க.”

ஜீப்பிலிருந்து மிராசுதார் எட்டிப் பார்த்தார். “ஏம்ப்பா, பதினோரு வருஷம் கேட்டும் குடுக்காம இழுத்தடிச்சது நீ. மேடையில ஏச்சு வாங்குறது நானா?”

சங்கத்து ஆட்களே முதலில் சிரித்தார்கள். பிறகு இளையபெருமாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணில் நீரோடு.

ஊர்வாய் அதோடு மூடிவிடவில்லை. குழாயடியில் ‘தரங்கம்பாடியாள்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவள் திரும்பிப் பார்த்து, “என்னக்கா?” என்பாள்.

அடுத்த தை மாதம், அறுப்பு முடியும் முன்பே, இளையபெருமாள் டிக்கெட் எடுத்தான். கூட்டங்களை அடக்கியவன், அலை வந்ததும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பெண்டாட்டியின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினான். “அம்சா, கையை விட்டுடாத!”

அவள் கையை விடாமலே அவனை அலைக்குள் இழுத்துக்கொண்டு ஓடினாள்.